இத்தாலியின் ஓர்வியேத்தோ மலை நகரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் நோக்கிச் செல்லும் பயணிகளில் பலர் ஓர்வியேத்தோவை ரயில் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறார்கள். இறங்குபவர்களிலும் பெரும்பாலோர் பேராலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இந்த நகரம் நின்று பார்க்க வேண்டிய இடம், அதிலும் அடியிலிருந்து மேல் நோக்கிப் பார்க்க வேண்டிய இடம் என்பது என் உறுதியான எண்ணம். நண்பர்களும் பயணம் திட்டமிடுவோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த எண்ணத்தோடுதான் இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

ஓர்வியேத்தோ எங்கே இருக்கிறது?

இத்தாலியின் நடுப்பகுதியில், கடலைத் தொடாத உம்பிரியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ரோமுக்கு வடக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் செங்குத்தாக வெட்டிவிட்டாற்போன்ற பாறைச் சுவர்களுடன் நிற்கும் ஒரு தட்டையான மேட்டின் உச்சியை நகரம் முழுவதுமாக நிரப்பியிருக்கிறது. கீழே பாலியா ஆறு ஓடி டைபர் ஆற்றில் கலக்கிறது. பள்ளத்தாக்கின் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் படர்ந்திருக்கின்றன. மேட்டின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான் என்பதால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இப்படித் தனித்து நிற்கும் பாறை எப்படி உருவானது?

இதற்குத் தென்மேற்கே, இன்று பொல்சேனா ஏரி இருக்கும் பகுதியில், ஒரு காலத்தில் பெரும் எரிமலைத் தொகுதி ஒன்று இயங்கியது. மூன்று லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு அது கக்கிய கொதிக்கும் சாம்பலும் நுரைக்கற்களும் நிலத்தின் மீது பல மீட்டர் கனத்தில் படிந்து இறுகின. இத்தாலியர்கள் தூஃபோ என்று சொல்லும் எரிமலைச் சாம்பல் கல் அதுதான். பின்னர் ஆறுகளும் மழையும் சுற்றியிருந்த பகுதிகளை அரித்துக்கொண்டு போக, எஞ்சிய ஒரு துண்டு தனி மேடாக நின்றுவிட்டது.

இந்தக் கல்லின் இயல்பைப் புரிந்துகொண்டால் ஊரின் வரலாற்றில் பாதி புரிந்துவிடும். தூஃபோ, இரும்புக் கருவி கொண்டு எளிதாகக் குடையக்கூடிய அளவுக்கு மென்மையானது. அதே வேளையில் குடைந்த அறையின் கூரை இடிந்து விழாத அளவுக்கு உறுதியும் உடையது. எனவே வீடு கட்டக் கல் வேண்டியவர்கள் தங்கள் காலடியிலேயே அதை வெட்டி எடுத்தார்கள், வெட்டிய பள்ளமே நிலவறையாகவும் பயன்பட்டது. ஆனால் நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல்லில் மழைநீர் தங்குவதில்லை. ஊறி இறங்கி, அடியிலுள்ள களிமண் அடுக்கைத் தொட்ட பிறகே ஊற்றாக வெளிப்படுகிறது. பகைவர் ஏற முடியாத பாறை, ஆனால் உச்சியில் குடிக்க நீர் இல்லை என்ற இந்த முரண்பாடுதான் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இவ்வூர் மக்களின் தலையாய கவலை.

முதலில் இங்கே வாழ்ந்தவர்கள் யார்?

ரோமர்களுக்கு முன் இத்தாலியின் நடுப்பகுதியில் ஓங்கியிருந்த எத்ருஸ்கர்கள். அவர்களுடைய முக்கிய நகரங்களுள் ஒன்றான வெல்ஸ்னா இந்தப் பாறையின் மீதுதான் இருந்தது என்பது இன்று ஆய்வாளர்களால் பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. இலத்தீன் நூல்களில் இது வோல்சினீ எனப்படுகிறது. எத்ருஸ்கப் பன்னிரு நகரக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் கூடி விழா எடுத்த வோல்தும்னா தெய்வத்தின் திருத்தலத்தை அறிஞர்கள் நெடுங்காலம் தேடிவந்தார்கள். பாறையின் அடிவாரத்தில் உள்ள காம்போ தெல்லா ஃபியேரா என்னும் இடத்தில் 2000ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அகழாய்வில் கோயில்களும் ஊர்வலப் பாதையும் வெளிப்பட்டன. அந்தத் தலம் இதுவே என்ற கருத்து அதன் பின் மிகவும் வலுப்பெற்றிருக்கிறது.

கி.மு. 264இல் ரோமப் படை நகரைக் கைப்பற்றி அழித்தது. எஞ்சிய மக்கள் பாறையை விட்டு வெளியேற்றப்பட்டு, பொல்சேனா ஏரிக்கரையில் புதிய ஊரில் குடியமர்த்தப்பட்டார்கள். இந்த நகரிலிருந்து 2,000 சிலைகளை ரோமர்கள் கொள்ளையடித்தார்கள் என்றும், சிலைகளுக்காகவே படையெடுத்தார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் ஒருவர் குற்றம் சாட்டினார் என்றும் ரோம எழுத்தாளர் பிளினி பதிவு செய்திருக்கிறார். அதன் பின் பல நூற்றாண்டுகள் கழித்து, ரோமப் பேரரசு தளர்ந்து சமவெளிகள் பாதுகாப்பற்றவையாக ஆனபோதுதான், பாறை உச்சி மீண்டும் மக்களின் புகலிடமாயிற்று. ‘பழைய நகரம்’ என்னும் பொருள்படும் உர்ப்ஸ் வேதுஸ் என்ற இலத்தீன் பெயரே திரிந்து இன்றைய பெயராகியிருக்கிறது.

எத்ருஸ்கர்கள் விட்டுச்சென்றவற்றை எங்கே பார்க்கலாம்?

முதலில் பார்க்க வேண்டியது, பாறையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள குரோச்சிஃபிஸ்ஸோ தெல் தூஃபோ கல்லறைத் தோட்டம். கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கல்லறைகள் நேர்கோட்டுத் தெருக்களின் இருபுறமும் வரிசை வீடுகள்போல அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் பெரிய கல் துண்டுகளால் கட்டிய ஒரு சிறு அறை. குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே இறந்தவரைக் கிடத்துவதற்கான கல் மேடைகள் இருக்கும். வாசலின் மேற்கல்லில் வலமிருந்து இடமாக எழுத்துகள் வெட்டப்பட்டிருப்பதை விரலால் தொடும் தூரத்தில் காணலாம். அந்த வாசகங்கள் பலவும் ‘நான் இன்னாருடையது’ என்று கல்லறையே பேசுவதுபோல அமைந்து, உரியவரின் பெயரையும் குடும்பப் பெயரையும் தெரிவிக்கின்றன. வெவ்வேறு மூலத்திலிருந்து வந்த குடும்பப் பெயர்கள் அடுத்தடுத்த வாசல்களில் இருப்பதைக் கொண்டு, வெளியிலிருந்து வந்தவர்களும் குடியுரிமையோடு வாழ்ந்த நகரம் இது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வாசல்களும் தெருக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதும் என் கவனத்தை ஈர்க்கிறது: செல்வரின் கல்லறை என்று எதுவும் தலைதூக்கி நிற்கவில்லை.

இரண்டாவதாக, பேராலயத்துக்கு எதிரே உள்ள ஃபைனா அருங்காட்சியகம். கன்னிச்செல்லா கல்லறைப் பகுதியில் கிடைத்த, கிரேக்கப் பளிங்கில் செதுக்கிய ஆடையற்ற பெண் தெய்வச் சிலையும், ஏதென்சின் புகழ்பெற்ற மட்கல ஓவியர் எக்செக்கியாசின் சாடிகளும் அங்கே உள்ளன. பள்ளத்தாக்கிலிருந்து பாறை மேல் ஏறும் கம்பிவட ரயிலின் மேல் நிலையத்துக்கு அருகில் பெல்வதேரே கோயிலின் அடித்தளம் திறந்த வெளியில் கிடக்கிறது. அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

‘நிலத்தடி நகரம்’ என்று சொல்கிறார்களே, அது உண்மையா, விளம்பரமா?

முழு உண்மை. ஊரின் அடியில் இதுவரை 1,200க்கும் மேற்பட்ட குடைவறைகளும் சுரங்கங்களும் கிணறுகளும் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனியார் வீடுகளின் அடியில் மது வைக்கும் அறைகளாகவும் பண்டக அறைகளாகவும் இன்றும் பயன்பட்டு வருகின்றன. பேராலயச் சதுக்கத்திலிருந்து புறப்படும் வழிகாட்டிச் சுற்றுலாவில் சேர்ந்தால் சில குடைவறைகளுக்குள் சென்று வரலாம். ஒலிவ எண்ணெய் ஆட்டிய செக்குக் கற்களும், கட்டடச் சுண்ணச் சாந்துக்காக எரிமலை மண்ணை வெட்டியெடுத்த சுரங்கமும் அங்கே இருக்கின்றன.

இரண்டு காட்சிகளுக்கு மட்டும் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ஒன்று, எத்ருஸ்கர்கள் தோண்டிய கிணறு. ஒரு ஆள் மட்டுமே இறங்கக்கூடிய குறுகலான செவ்வகக் குழி அது. அதன் எதிரெதிர்ச் சுவர்களில் கை கால் வைத்து இறங்குவதற்குச் சிறு குழிகள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். தோண்டியவர் தன் உடலையே ஏணியாக்கிக்கொண்டு பாதாளம் வரை போயிருக்கிறார் என்பதை அந்தக் குழிகளைப் பார்த்ததும் உணரலாம். மற்றொன்று, புறா மாடங்கள். சுவர் முழுவதும் சதுரச் சதுரமாகக் குடைந்த நூற்றுக்கணக்கான மாடக்குழிகள், பள்ளத்தாக்கை நோக்கித் திறந்த ஒரு சாளரத்துடன் இருக்கும். புறாக்கள் வெளியே பறந்து தாமே இரை தேடிக்கொண்டு திரும்பும். முற்றுகைக் காலத்திலும் செலவில்லாமல் இறைச்சி கிடைத்த வழி இது. ஓர்வியேத்தோவின் சமையலில் புறா இன்றும் இடம்பெற்றிருக்கிறது.

புனித பேட்ரிக் கிணறு ஏன் இவ்வளவு புகழ் பெற்றது?

1527 மே மாதம் பேரரசர் ஐந்தாம் சார்லசின் படைகள் ரோம் நகரைச் சூறையாடின. சாந்தாஞ்செலோ கோட்டையில் பல மாதங்கள் அடைபட்டுக் கிடந்த திருத்தந்தை (போப்) ஏழாம் கிளமெண்ட், அவ்வாண்டு டிசம்பரில் மாறுவேடத்தில் தப்பி ஓர்வியேத்தோவுக்கு வந்து சேர்ந்தார். மனைவியோடான மண உறவை நீக்கித் தரும்படி இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி அனுப்பிய தூதர்கள் 1528இல் அவரைச் சந்தித்ததும் இந்த ஊரில்தான். பாறை பாதுகாப்பானதுதான், ஆனால் முற்றுகை நேர்ந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற அச்சத்தில், கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ தா சங்கால்லோவிடம் கிணறு வெட்டும் பணியை அவர் ஒப்படைத்தார். வேலை முடிவதற்குள் கிளமெண்ட் இறந்துவிட்டார். அடுத்த திருத்தந்தை மூன்றாம் பவுல் காலத்தில், 1537இல் பணி நிறைவு பெற்றது.

கிணற்றின் ஆழம் சுமார் 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். நடுவில் ஒளி இறங்கும் வட்டக் குழல். அதைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்று இறங்கும் இரண்டு படிக்கட்டுகள். இரண்டும் எங்கும் சந்திப்பதில்லை. தோல் பைகளோடும் குடங்களோடும் ஒரு வாசல் வழியாக இறங்கும் கோவேறு கழுதைகள், அடியில் உள்ள சிறு பாலத்தைக் கடந்து, நீர் ஏற்றிக்கொண்டு மற்றொரு படிக்கட்டின் வழியாக மறு வாசலில் வெளிவரும். ஏறும் விலங்கும் இறங்கும் விலங்கும் குறுகிய வழியில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படிக்கட்டிலும் 248 படிகள். அவை மனிதக் கால்களுக்காக அல்ல, குளம்புகளுக்காக அகலமாகவும் தாழ்வாகவும் சரிவாகவும் அமைக்கப்பட்டவை. உட்சுவரில் உள்ள சுமார் 70 சாளரங்கள் வழியே மேலிருந்து வரும் வெளிச்சம் படிகளில் விழுகிறது. இறங்க இறங்க வெளிச்சம் மங்கி, காற்று குளிர்ந்து, சுவரில் ஈரம் கசிவதைக் காணலாம். மேல் பகுதியில் வெட்டிய பாறையே சுவராக நிற்க, களிமண் தொடங்கும் இடத்திலிருந்து சுவர் செங்கல்லாக மாறுகிறது. மேலே சொன்ன நில அடுக்குகளைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. எதிர்ப்புறச் சாளரத்தில் தெரியும் மனிதர் நம்மோடு இறங்குகிறாரா, ஏறுகிறாரா என்று சிறிது நேரம் புரியாமல் நிற்பது எல்லோருக்கும் நேரும்.

இயற்கை இந்த அரணுக்குத் தர மறுத்ததை உழைப்பு சேர்த்தது என்னும் பொருளில் ஓர் இலத்தீன் வாசகம் வாசலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அயர்லாந்தில் இருந்த ‘புனித பேட்ரிக்கின் உத்தரிக்கும் தலம்’ (இறந்தோரின் ஆன்மாக்கள் தூய்மை பெறும் இடம்) என்ற ஆழமான குகையின் கதையை ஒட்டி இக்கிணறு 19ஆம் நூற்றாண்டில் இப்பெயர் பெற்றது. மற்றபடி அந்தப் புனிதருக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு இல்லை.

பொல்சேனா அதிசயம் என்பது என்ன? கிறிஸ்துவின் திருவுடல் திருவிழாவுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

மரபு வழியாகச் சொல்லப்படும் செய்தி இது. 1263இல் பொஹீமியாவிலிருந்து ரோமுக்குப் பயணம் செய்த ஒரு குருவுக்கு, திருப்பலியில் அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்பதில் ஐயம் இருந்தது. பொல்சேனாவில் உள்ள புனித கிறிஸ்தினா ஆலயத்தில் அவர் திருப்பலி நிறைவேற்றியபோது, அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து பீடத்தில் விரித்திருந்த துணியை நனைத்தது. அப்போது ஓர்வியேத்தோவில் தங்கியிருந்த திருத்தந்தை நான்காம் உர்பன் அத்துணியை இங்கே வரவழைத்தார். 1264 ஆகஸ்ட் 11 அன்று அவர் வெளியிட்ட ஆணையால் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா கத்தோலிக்கத் திருச்சபை முழுவதற்கும் உரிய விழாவாயிற்று.

வரலாற்றின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆணையில் பொல்சேனா நிகழ்ச்சி குறிப்பிடப்படவில்லை. இவ்விழா இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் நகரில், துறவி ஜூலியானாவின் முயற்சியால் 1246லேயே தொடங்கியிருந்தது. உர்பன் திருத்தந்தை ஆவதற்கு முன் அங்கே பணியாற்றியவர். இவ்விழாவுக்கான வழிபாட்டுப் பாடல்களை எழுதியவர், அந்நாட்களில் ஓர்வியேத்தோவின் தோமினிக்கன் மடத்தில் தங்கியிருந்த புனித தாமஸ் அக்குவினாஸ் என்று மரபு கூறுகிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் நற்கருணை ஆசீரின்போது தமிழில் பாடப்படும் பாடல் அவருடைய இலத்தீன் பாடலின் இறுதிப் பகுதிதான். கத்தோலிக்க வாசகர்கள் இந்த ஊரை நினைவில் கொள்ள அதுவும் ஒரு காரணம்.

அந்தத் துணி இன்று பேராலயத்தின் இடப்புறச் சிற்றாலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்காக 1337-38இல் சியேனா நகரப் பொற்கொல்லர் உகோலினோ தி வியேரி செய்த வெள்ளிப் பேழை, பேராலய முகப்பின் வடிவத்தைச் சிறிய அளவில் கொண்டு, வண்ண எனாமல் படங்களால் நிறைந்திருக்கிறது. இத்தாலியப் பொற்கொல்லர் கலையின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்று அது.

பேராலயத்தின் முகப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

1290 நவம்பரில் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் அடிக்கல் நாட்டினார். 1310இல் சியேனாவைச் சேர்ந்த லொரென்சோ மைத்தானி பொறுப்பேற்ற பிறகே இன்று நாம் காணும் முகப்பு உருவம் பெற்றது. பணி அதன் பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் நீண்டது. பக்கச் சுவர்களில் கறுப்பு எரிமலைக் கல்லும் வெளிர் நிற டிராவர்டைன் கல்லும் மாறி மாறிப் பட்டை பட்டையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முகப்போ பொன்னும் நீலமுமாக மின்னும் மொசைக் படங்களால் நிறைந்தது. மாலை வெயில் நேரே விழும்போது அந்தப் பொன் பளபளப்பைப் பார்க்கச் சதுக்கத்தில் கூட்டம் கூடுகிறது. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இன்றைய மொசைக்குகளில் பெரும்பகுதி பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை. பழையவற்றில் ஒன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே மேலே அண்ணாந்து பார்ப்பதற்கு முன், கண் மட்டத்தில் உள்ள நான்கு அகலமான தூண்களின் அருகில் செல்லுங்கள். உண்மையான செல்வம் அங்கேதான் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைத்தானியும் அவரது பட்டறையினரும் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள், படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை விவிலியக் கதையைச் சொல்கின்றன. முதல் தூணில் ஆதாம் பக்கவாட்டில் சாய்ந்து உறங்குகிறான். கடவுள் குனிந்து அவன் விலாவில் கை வைக்கிறார். காட்சிகளுக்கிடையே ஒரு கொடி மேலேறிப் படர்ந்து அவற்றைப் பிரிக்கிறது. கடைசித் தூணின் அடியில் நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுவோரின் முகங்களில் தெரியும் அலறல், கல் என்பதை மறக்கச் செய்கிறது. நடு வாசலின் வெண்கலக் கதவுகள் மட்டும் நம் காலத்தவை: சிற்பி எமிலியோ கிரேக்கோ செய்தவை, 1970இல் பொருத்தப்பட்டன.

உள்ளே நடுக்கூடத்தில் நிற்கும் பெரிய பளிங்குத் திருத்தூதர் சிலைகளுக்கும் ஒரு கதை உண்டு. கோயிலை அதன் இடைக்கால எளிமைக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணத்தில் 1897இல் அகற்றப்பட்ட அவை, நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் 2019இல் தம் பழைய இடங்களுக்குத் திரும்பின. திரும்பக் கொண்டுவந்தது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

சான் பிரித்சியோ சிற்றாலயத்தின் ஓவியங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பேராலயத்தின் வலப்புறம் உள்ள இந்தச் சிற்றாலயத்தின் கூரை ஓவியங்களை 1447இல் துறவியும் ஓவியருமான ஃபிரா ஆஞ்செலிகோ தம் உதவியாளர் பெனோசோ கொசோலியுடன் தொடங்கினார். இரண்டு பகுதிகளை முடித்துவிட்டுச் சென்றவர் திரும்பவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1499இல், லூக்கா சிஞ்ஞொரெல்லி பணியை ஏற்றுக்கொண்டு 1504க்குள் கூரையையும் சுவர்களையும் முடித்தார். உலக முடிவு, இறந்தோர் உயிர்த்தெழுதல், தண்டனை பெற்றோர், பேறு பெற்றோர் என்று நான்கு புறமும் சுவரோவியங்கள் நம்மைச் சூழ்கின்றன. மனித உடலை எல்லா நிலைகளிலும், எல்லாக் கோணங்களிலும், தசையின் ஒவ்வொரு இறுக்கத்தோடும் தீட்டிய இந்தச் சுவர்களை மைக்கேலாஞ்சலோ வியந்து போற்றினார் என்று, இத்தாலியக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிட்டிருக்கிறார். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ தம் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தைத் தீட்டியது இதற்கு முப்பதாண்டுகளுக்கும் பின்னரே.

நுழைந்ததும் இடப்புறச் சுவரில் உள்ள எதிர்க்கிறிஸ்துவின் (உலக முடிவில் கிறிஸ்துவைப்போல வந்து மக்களை ஏமாற்றுபவன்) காட்சி முன் நில்லுங்கள். மேடை மீது நின்று போதிக்கும் மனிதரின் முகமும் தாடியும் இயேசுவை ஒத்திருக்கின்றன. அவர் தோளுக்குப் பின்னால் கொம்புடைய சாத்தான் ஒட்டி நின்று காதில் ஓதுகிறான். மேலாடையின் மடிப்புக்குள் நுழைந்து வெளிவரும் கை யாருடையது என்று உற்றுப் பாருங்கள்: அது போதகரின் கையா, சாத்தானின் கையா என்று பிரித்தறிய முடியாதபடி ஓவியர் வைத்திருக்கிறார். மேடையைச் சுற்றி நின்று கேட்பவர்கள் முரடர்களோ மூடர்களோ அல்லர், நன்கு உடுத்திய நகரத்தார். இடது ஓரத்தில் கறுப்பு ஆடையில் நம்மை நோக்கி நிற்பவர் சிஞ்ஞொரெல்லி. அவரருகே நிற்கும் துறவி ஃபிரா ஆஞ்செலிகோ என்பது மரபு. இத்தாலிய ஓவியங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் இந்தச் சுவரைத்தான் சொல்வேன்.

பாறை சரிந்து விழும் ஆபத்து இருக்கிறதா?

இருந்தது; முற்றிலும் நீங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அடியில் உள்ள களிமண் நீர் குடித்து வழுக்க, மேலே உள்ள தூஃபோ வெடித்துப் பிளந்து விளிம்புகள் உதிர்ந்துவந்தன. பழைய சாக்கடைகளிலிருந்து கசிந்த நீரும் இதை விரைவாக்கியது. 1970களில் நிலைமை கவலைக்கிடமானதால், ஓர்வியேத்தோ, தோதி ஆகிய இரு நகரங்களின் மலைகளைக் காப்பதற்காக 1978இல் இத்தாலிய நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. பாறைக்குள் நீண்ட எஃகு நங்கூரங்கள் பதிக்கப்பட்டன, குடிநீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் புதுப்பிக்கப்பட்டன, மழைநீர் வடிகால்கள் அமைந்தன. மேலே வாகன நெரிசலைக் குறைப்பதற்காக, கீழே நிறுத்துமிடமும் பாறைக்குள் நகரும் படிக்கட்டுகளும் அமைக்கப்பட்டன. பார்வையாளர்கள் அஞ்ச வேண்டியதில்லை. விளிம்புச் சுற்றுப்பாதையில் நடக்கும்போது பாறைச் சுவரில் பதிந்துள்ள நங்கூரத் தலைகளை இப்போதும் காணலாம்.

வேறு என்னென்ன பார்க்கலாம்?

47 மீட்டர் உயர மோரோ கோபுரத்தின் உச்சியிலிருந்து ஊர் முழுவதும், அப்பால் உள்ள மலைகளும் தெரியும். 1004இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் சான் ஜொவெனாலே ஆலயம் மேற்கு விளிம்பில், கூட்டமே இல்லாத பகுதியில் இருக்கிறது. அதன் மங்கிய சுவரோவியங்களுக்காகவும் அங்கிருந்து தெரியும் பள்ளத்தாக்குக்காகவும் போய் வரலாம். சான் தோமெனிக்கோ ஆலயத்தில் அர்னோல்ஃபோ தி காம்பியோ செய்த கர்தினால் தெ பிரேயின் கல்லறைச் சிற்பம் உள்ளது. அதிலுள்ள மரியன்னை, பழைய ரோமச் சிலை ஒன்றைத் திருத்தி அமைத்தது என்பது பிற்காலச் சீரமைப்பில் வெளிப்பட்டது. தெல்லா காவா தெருவில் 36 மீட்டர் ஆழமுள்ள மற்றொரு கிணறும் உண்டு.

ஒரு நாள் போதுமா? எந்த வரிசையில் பார்ப்பது?

ஒரு நாளில் முடிக்கலாம், ஆனால் ஒரு இரவு தங்குவது மேல். பகல் பயணிகள் மாலை ரயிலுக்கு இறங்கிய பிறகு தெருக்கள் மீண்டும் ஊர் மக்களுடையவை ஆகின்றன. காலையில் முதலில் கல்லறைத் தோட்டம், பிறகு மேலே வந்து புனித பேட்ரிக் கிணறு, நண்பகலில் நிலத்தடிச் சுற்றுலா, பிற்பகலில் பேராலயமும் சான் பிரித்சியோ ஓவியங்களும், மாலையில் முகப்பின் மேல் வெயில் என்று வைத்துக்கொண்டால், பாறையில் தொடங்கி ஓவியத்தில் முடியும். எல்லோரும் செய்வதுபோலப் பேராலயத்திலிருந்து தொடங்கினால், களைத்த பிறகு கிணற்றுப் படிகளும் கல்லறைகளும் விடுபட்டுப் போகும். பெரும்பாலான காட்சியிடங்களுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டாகக் கார்த்தா ஊனிகா கிடைக்கிறது. ஞாயிறு காலையிலும் திருவிழா நாட்களிலும் வழிபாடு நடப்பதால் பேராலய நேரம் மாறும். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம்.

உணவு எப்படி? சைவ உணவு கிடைக்குமா?

தண்ணீரும் மாவும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டும் தடித்த நூல் பாஸ்தாவான உம்பிரிச்செல்லி இப்பகுதிக்கு உரியது. தக்காளியும் பூண்டும் மிளகாயும் சேர்த்த குழம்போடு கேட்டால் சைவர்களும் காரம் விரும்புவோரும் மனநிறைவோடு உண்ணலாம். நத்தை வடிவில் சுருட்டிச் சுடும் லுமக்கெல்லா ரொட்டி சைவம்போலத் தோன்றினாலும் அதில் பாலாடைக்கட்டியோடு பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். காட்டுப்பன்றியும் புறாவும் உணவகப் பட்டியலில் வழக்கமாக இருக்கும். குளிர்ந்த பாறை அறைகளில் வைத்துப் பக்குவப்படுத்திய ஓர்வியேத்தோ வெள்ளை மது இடைக்காலத்திலிருந்தே புகழ் பெற்றது.

எந்தப் பருவத்தில் செல்வது நல்லது?

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள். மே இறுதியிலோ ஜூனிலோ வரும் திருவுடல் பெருவிழாவின்போது இடைக்கால உடைகளில் நூற்றுக்கணக்கானோர் ஊர்வலம் வர, அந்தப் புனிதத் துணி நகரத் தெருக்களில் எடுத்துச் செல்லப்படுகிறது. அந்நாட்களில் அறைகளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். டிசம்பர் இறுதியில் ஜாஸ் இசை விழா நடக்கிறது. குளிர்காலக் காலை வேளைகளில் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடுபனி மறைக்கும் நாட்களும் உண்டு.

எப்படிச் செல்வது? முதியவர்களை அழைத்துச் செல்லலாமா?

ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்; ஃபுளோரன்சிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல். ரயில் நிலையம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதன் எதிரிலேயே கம்பிவட ரயில் புறப்பட்டுச் சில நிமிடங்களில் மேலே கொண்டுசேர்க்கிறது. 1888இல் தொடங்கியபோது அது தண்ணீரின் எடையால் இயங்கியது: மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீர் நிரப்பினால் அது கனத்தால் கீழிறங்கி, மறு பெட்டியை மேலே இழுக்கும். 1970இல் நின்றுபோன சேவை 1990இல் மின்சாரத்தில் மீண்டும் தொடங்கியது.

மேல் நிலையத்திலிருந்து பேராலயச் சதுக்கம் வரை சிற்றுந்து உண்டு. மேலே தெருக்கள் பெரும்பாலும் மெதுவான சரிவுகளே. எனவே முதியவர்களைத் தாராளமாக அழைத்துச் செல்லலாம். கிணற்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: 248 படிகள் இறங்கிய பிறகு மற்றொரு படிக்கட்டில் அதே எண்ணிக்கைப் படிகள் ஏறித்தான் வெளியே வர வேண்டும், மின்தூக்கி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் வாசலருகே உள்ள முதல் சில சாளரங்கள் வரை இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்து காத்திருக்கலாம். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அங்கே நிழலான இருக்கைகள் இருக்கின்றன.